எரிஞ்சவன் கேட்ட ஒப்பாரி

எங்க தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில ஏறுனா மொதல்ல கண்ணுல படுறது சைட் கண்ணாடிதான். ரோட்டைப் பாக்க வேண்டிய கண்ணாடி, டிரைவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கும். பின்னால பஸ் வருதா, மாடு வருதான்னு அவனுக்கு ஒரு கவலையும் இல்ல. முடி கலைஞ்சிருக்கா, மீசை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதா, அதுதான் கவலை. "டேய், எவனையாச்சும் இடிச்சுத் தள்ளப்போற"ன்னு நான் கத்துவேன். "வர்றது நான்னு தெரிஞ்சா அவனவன் ஒதுங்கிக்குவான்"ன்னு சொல்லிட்டு சட்டைப் பையில இருந்து சீப்ப எடுப்பான். அவன்தான் என் கூட்டாளி. ஒரே லயத்து வீட்டு வரிசையில, ஒரு சொவத்துக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானுமா பொறந்து வளந்தவங்க நாங்க.

நான் தலவாக்கலை டவுன்ல ஒரு புடவைக் கடை வாசல்ல தையல் மெஷின் போட்டிருக்கேன். ஸ்கூல் சட்டை, சாரிக்கு ஓரம், கிழிஞ்ச ஜக்கெட், இதுதான் நம்ம பொழப்பு. ஆளும் குள்ளம். கூட்டத்துல நான் காணாமப் போனா தேடுறதுக்குப் பொண்டாட்டியத் தவிர ஆள் இல்ல. ஆனா வருஷத்துல ஒரு தடவ, மாசி மாசத்துல, தோட்டத்து மூணு டிவிஷன் சனமும் என்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்கும். ஏன்னா நான்தான் ரதி. அவன் மதன்.

எங்க பக்கத்துக் காமன் கூத்துக் கதை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சிவனோட தவத்தக் கலைக்க மன்மதன் கெளம்புறான். போகாதீங்கன்னு ரதி கால்ல விழுந்து கெஞ்சுறா. என்னைய மிஞ்சுன ஆள் யாருன்னு அவன் கேக்குறான். போறான், அம்பு விடுறான், சிவன் நெத்திக்கண்ணத் தொறக்குறாரு, பய சாம்பல். ரதி விழுந்து பொரண்டு ஒப்பாரி வைக்கிறா. மூணாம் நாள் அவனுக்கு உசிரு வருது, ஆனா ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அமாவாசை முடிஞ்சு காமன் பொட்டல்ல கம்பம் ஊனுனதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் கையில காப்புக் கட்டி, கவிச்சி தொடாம, வெறுந்தரையில படுக்கணும். கடைசி ராத்திரி முழுக்க ஆட்டம். விடியக்காலையில மதன் எரிவான். வெளிச்சம் வர்ற நேரத்துல ரதி அழுவா.

என்னைய மிஞ்சுன ஆள் யாருங்கிற வசனத்த அவன் மனப்பாடம் பண்ணவே இல்ல. அது பொறந்ததுல இருந்து அவன் வாயில இருக்கு.

அவனுக்கு இந்த ஒலகத்துல கூட்டாளிங்க ரெண்டே வகைதான். ஒருத்தன் அவனப் பாத்துப் பொறாமப்படுறவன். இன்னொருத்தன் அவன மாதிரி ஆகப் பாத்து முடியாமப் போனவன். ஃபெக்டரியில டீ மேக்கர் வேலைக்குப் போனானே எங்க கூடப் படிச்சவன், அவன் பொறாமக்காரன். ஹட்டன்ல ஃபோன் கடை போட்டவன், இவன மாதிரி முடி வெட்டிக்கிட்டதால ரெண்டாவது வகை. யாருக்கு நல்லது நடந்தாலும் அதுக்குள்ள இவன் இருப்பான். ஒருத்தன் வீடு கட்டுனா, "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ம்பான். ஒருத்தன் விழுந்து கால ஒடச்சுக்கிட்டா, "நான் கூட இருந்திருந்தா விழுந்திருப்பானா"ம்பான். நான் எந்த வகைன்னு ஒரு நாள் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்ல. "நீ வகை இல்லடா. நீ என் ரதி"ன்னான். எனக்கு அன்னைக்கு ஏறுன கோபம் சாயங்காலம் வரைக்கும் எறங்கல. நாள் முழுக்க மெஷின் மிதிச்சுப் புள்ளைய வளக்குற மனுசன் நான். இவனுக்கு நான் சாரி கட்டுன ஒரு ஆளு, அவ்வளவுதான்.

என் கல்யாண போட்டோவ வந்து பாத்தீங்கன்னா தெரியும். நடுவுல அவன். அந்தப் பக்கம் என் பொண்டாட்டி, இந்தப் பக்கம் நான். வீட்டுக்கு வர்ற புது ஆளுங்க இன்னைக்கும் என் பொண்டாட்டிகிட்ட, "உங்க வீட்டுக்காரரு ரொம்ப மாறிட்டாருங்க"ன்னு சொல்றாங்க. அவ சிரிச்சுக்கிட்டே போயிருவா. அந்தப் போட்டோவக் கழட்டிப் போடணும்னு எத்தனையோ தடவ ஸ்டூலு மேல ஏறியிருக்கேன். ஏறிப் பாத்தா அந்தப் பய மூஞ்சியில அவ்வளவு சந்தோசம். கட்டிக்கிட்ட எனக்கே அன்னைக்கு அவ்வளவு இல்ல. தூசியத் தொடச்சுட்டு எறங்கிருவேன்.

எங்கம்மா செத்தப்பவும் இதே கதைதான். பெட்டி எடுக்குற வரைக்கும் அதப் பாக்கணும், இதப் பாக்கணும், வந்தவங்களுக்குப் பிளேன்டி குடுக்கணும்னு நான் ஓடிக்கிட்டு இருக்கேன். இவன் தலமாட்டுல ஒக்காந்துக்கிட்டு, "என்னைய ராசா ராசான்னு கூப்புடுமே, இனி யாரு கூப்புடுவா"ன்னு அழுகுறான். வந்த சனம் பூரா அவனக் கட்டிப் புடிச்சு ஆறுதல் சொல்லுது. ஒரு சின்னம்மா, என்னைய வேலையாள்னு நெனச்சு, "அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் தண்ணி குடுப்பா"ன்னுச்சு. குடுத்தேன். என் அம்மாவுக்கு நான் அழுக எனக்கு எடம் இல்லாமப் போச்சு.

அந்த அழுக காமன் பொட்டல்லதான் வந்துச்சு. ஒப்பாரியில ஒரு எடம் இருக்கு. தாலி அறுத்த மகளப் பாக்க வான்னு ரதி அவ ஆத்தாளக் கூப்புடுவா. அந்த வருஷம் அந்த எடம் வந்தப்ப, ஆத்தாங்கிற சொல்லு எனக்கு வெளிய வரல. தொண்டையிலயே நின்னுருச்சு. ம்ம்னு ஒரு மொனகல்தான் வந்துச்சு. அதுக்கப்பறம் எல்லா வருஷமும் அந்த எடத்துல மொனகல்தான். நானும் மாத்தல. தப்பு மேளச் சத்தத்துல அது யார் காதுலயும் விழுந்திருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். மாஸ்டர்கூட ஒன்னும் கேட்டதில்ல. மாஸ்டர்னா எங்களுக்குக் கூத்துச் சொல்லிக் குடுக்குறவரு, ஒரு அடி தப்பா வெச்சாலே கம்பத் தூக்குறவரு.

கூத்து முடிஞ்சதும் என் மதன் என்கிட்ட கேக்குற கேள்வி எந்த வருஷமும் மாறுனதில்ல. "நான் எப்படி எரிஞ்சேன்?" மூஞ்சியில பூசுன ரோசுப் பவுடரு வேர்வையில வழிய வழிய வந்து இதக் கேப்பான். நான் எப்படி அழுதேன்னு கேட்டதே இல்ல. ஒரு வருஷம் நானே வாய விட்டுக் கேட்டேன். "நல்லா அழுதடா. நான் நல்லா எரிஞ்சேன்ல, அதான்"ன்னான்.

போன வருஷம் என் கழுத்துல ஒரு கட்டி தெரிஞ்சுச்சு. கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. கட்டி நல்ல கட்டிதான், ஆனா குரல் நரம்புக்குப் பக்கத்துல இருக்கு, வெட்டி எடுத்தப்பறம் குரல் பழையபடி வருமா வராதான்னு இப்ப சொல்ல ஏலாதுன்னு டாக்டர் சிங்களத்துல சொன்னாரு. நர்ஸ் மிஸ்ஸி அதத் தமிழ்ல சொல்றதுக்குள்ளயே எனக்கு வெளங்கிருச்சு. உசிருக்குப் பயம் இல்லன்னு சொன்னதுக்குச் சந்தோசப்படணும். எனக்கு மனசு பூரா ஒரே நெனப்புதான், மாசியில யாரு ரதி. ஊசியில நூல் கோக்குறதுக்குக் குரல் வேணாம். ரதிக்கு வேணும். அந்த ஒரு விடியக்காலையும் போயிருச்சுன்னா அப்பறம் நான் யாரு, சட்டைக்குப் பொத்தான் தைக்கிற ஆளு.

ஒப்பரேஷன் முடிஞ்ச மறுநாள் அவன் வந்தான். வந்ததும் கட்டில் ஓரத்துல ஒக்காந்து கண்ணுக்குக் கீழ வெரல வெச்சுக் காட்டுனான். "பாரு மச்சான், எப்படிக் கறுத்துப் போச்சுன்னு. ஒன்னால எனக்குத் தூக்கமே இல்ல." கழுத்துல கட்டோட படுத்திருக்கேன், பேச்சு வரல, வந்திருந்தா நல்லாக் குடுத்திருப்பேன். "இப்ப எனக்கு யாரு அழுகுறது, நான் எப்படி எரியிறது"ன்னு பொலம்பித் தள்ளிட்டான். பக்கத்துக் கட்டில்காரரு பாவப்பட்டு அவனுக்கு ஒரு தோடம்பழம் குடுத்தாரு. அதத் தின்னுட்டு, எனக்கு வந்த பிஸ்கட்டையும் தின்னுட்டு, ஜன்னல் கண்ணாடியில முடியச் சரி பண்ணிட்டுப் போனான்.

என் மக கம்பஸ்ல மனோதத்துவம் படிக்கிறா. அன்னைக்கு அவளும் அங்கதான் இருந்தா. "அப்பா, இந்த மாதிரி ஆளுங்களுக்குத் தன்மேல மோகம். கூட்டாளிய அவங்க தனி ஆளாப் பாக்க மாட்டாங்க. தனக்குக் கீழ இருக்கிறவனாப் பாப்பாங்க, இல்லாட்டி தன்னோட ஒரு துண்டாப் பாப்பாங்க"ன்னா. நான் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்த துண்டுக் கடதாசியில, 'நான் எது'ன்னு எழுதிக் காட்டுனேன். அவ அதப் படிச்சுட்டு, "நீங்க அந்த மாமாவோட தொண்டைப்பா"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். எனக்குத் தையல் இழுத்துச்சு.

கொஞ்சம் கொஞ்சமாக் குரல் வந்துச்சு. பேசலாம், கடையில அளவு சொல்லலாம். ஒசத்திப் பாடுனா கீச்சுன்னு நின்னுரும். மாசிக்கு முன்னால கோயில்ல கூட்டம் போட்டாங்க. மேல் டிவிஷன்ல ஒரு தம்பி இருக்கான், நல்ல ஒசரம், கணீர்னு குரல், ரதி வேஷம் கட்டுறதா சாமிக்கு நேர்த்தியும் வெச்சிருக்கான். "இந்த வருஷம் அவன் கட்டட்டுமே"ன்னாரு மாஸ்டர். என் மொகத்தப் பாக்காமத்தான் சொன்னாரு. நியாயம்தானேன்னு நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

இவன் எந்திரிச்சான். "வேற ரதிக்கு நான் எரிய மாட்டேன்"ன்னான்.

கூட்டம் சிரிச்சுச்சு. அவன் சிரிக்கல. "அந்தத் தம்பி என் தோளுக்கு மேல நிக்கிறான். பக்கத்துல நின்னா என்னைய யாரு பாப்பா? என் ரதி இவன்தான். தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியாதா?" நல்லா இருக்கான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பானா? தொண்டை என்னுது, வெட்டுனது என்னைய, சத்தியம் பண்றது அவன். மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. "சரி, பாதியில நின்னா அந்தத் தம்பி ஏறிருவான். அதுக்கப்பறம் அவன்தான் ரதி, எல்லா வருஷத்துக்கும்"ன்னு முடிச்சாரு. வெளிய வந்து அவன நாலு வார்த்தை கேட்டேன். "நான் குள்ளங்கிறதாலயாடா என்னையவே ரதியாக் கேட்ட?" அவன் ஆச்சரியமாப் பாத்தான். "பின்ன? எவ்வளவு பொருத்தம் நமக்கு."

கடைசி ராத்திரி அவன் பண்ணுன அநியாயம் கொஞ்ச நஞ்சம் இல்ல. போகாதீங்கன்னு ரதி சொல்றதும் போவேன்னு மதன் சொல்றதுமா எங்களுக்குள்ள ஒரு தர்க்கப் பாட்டு இருக்கு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவன் அடுத்த அடியப் புடிச்சுக்குவான். என் அடியையும் சேத்து அவனே பதில் மாதிரிப் பாடிருவான். கரும்பு வில்லத் தூக்கிக்கிட்டு அவன் சுத்துறான், நான் கையில இருந்த லேஞ்சித் துணிய ஆட்டிக்கிட்டுச் சும்மா பின்னால போறேன். எனக்குக் காது ரெண்டும் சூடாகிருச்சு. இவன் தன்னக் காட்டிக்கிறதுக்காக இப்படிப் பண்ணுனானா, என் தொண்டை விடியிற வரைக்கும் தாங்கட்டும்னு பண்ணுனானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டாலும் அவனுக்கும் தெரியாது.

கெழக்கு வெளுக்கையில சிவன் கண்ணத் தொறந்தாரு. கம்பம் எரிஞ்சுச்சு. என் மதன் வழக்கம் போல ரெண்டு சுத்துக் கூடுதலாச் சுத்தி, எல்லாரும் பாக்குறாங்களான்னு பாத்துட்டு விழுந்தான். மேல வெள்ளைத் துணியப் போட்டு மூடுனாங்க. அப்பறம் அவன் பொணம். ஒப்பாரி முடியிற வரைக்கும் அசையக் கூடாது, இரும்பக் கூடாது. ரதி அழுது முடிச்சாத்தான் மூணாம் நாள் அவன எழுப்ப முடியும்.

நான் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒக்காந்தேன். மொத அடி வந்துச்சு. ரெண்டாவதும் வந்துச்சு. முன்னால நின்ன பொம்பளைங்க முந்தானைய எடுத்துட்டாங்க, எனக்கே கண்ணு நெறஞ்சிருச்சு. வந்துருச்சுன்னு நெனச்சேன். அந்த நெனப்புலயே கொஞ்சம் ஒசத்துனேன். நின்னு போச்சு. நூல் அறுந்த மெஷின் ஓடுற மாதிரி வாய் மட்டும் அசையுது, ஒன்னும் விழல. தப்படிக்கிறவங்க என் மொகத்தப் பாத்து அடியக் கொறச்சாங்க. மறுபடி தம் புடிச்சேன், காத்துதான் வந்துச்சு. மாஸ்டர் கூட்டத்தப் பாத்துக் கைய நீட்டுனாரு. மேல் டிவிஷன் தம்பி செருப்பக் கழட்டிட்டு முன்னால வர்றான். அவன் மேல தப்பு இல்ல, நல்ல புள்ள. அவன் கால் வட்டத்துக்குள்ள பட்டா நான் எந்திரிச்சுப் போகணும். அவ்வளவுதான், முடிஞ்சுச்சுன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

அப்பத்தான் வெள்ளைத் துணிக்குள்ள இருந்து பாட்டு வந்துச்சு.

பொம்பளக் குரல் எல்லாம் இல்ல. பனியில நின்ன லொறி காலையில ஸ்டார்ட் ஆகுற குரல்தான். ஆனா நான் விட்ட அடியில இருந்து சரியா எடுத்தான். தப்பு நின்னே போச்சு. எரிஞ்சு சாம்பலானவன் தனக்குத் தானே ஒப்பாரி வைக்கிறத எங்க தோட்டத்துல யாரும் பாத்ததில்ல. வேற எந்தத் தோட்டத்துலயும் பாத்திருக்க மாட்டாங்க. தம்பி போட்ட கால் போட்டபடி நிக்கிறான். மாஸ்டர் வாயத் தொறந்தவரு மூடல. யாரோ ஒருத்தன் பழக்கதோசத்துல தப்ப அடிக்க ஆரம்பிக்க, மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. நான் என்ன பண்றது? நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன், மண்ணுல பொரண்டேன், அவன் பாட்டுக்கு வாயசச்சேன். ஒரு அடி தப்பல, ஒரு சொல்லு மாறல. இத்தன வருஷமா ஒரு மனுசன் பேச்சையும் முழுசாக் கேக்காதவன், என் பாட்டு மொத்தத்தையும் துணிக்குள்ள படுத்துக்கிட்டே கேட்டிருக்கான்.

ஆத்தாளக் கூப்புடுற எடம் வந்துச்சு. அவன் அந்தச் சொல்லச் சொல்லல. ம்ம்னு மொனகிட்டு அடுத்த அடிக்குப் போனான்.

எனக்கு வாயசைக்க மறந்து போச்சு. அதுக்கப்பறம் நான் அழுதது ரதியோட அழுக இல்ல.

முடிஞ்சதும் மாஸ்டர் வந்து துணிய இழுத்தாரு. "செத்தவன் பாடுவானாடா?"ன்னு கம்பத் தூக்குனாரு. இவன் எந்திரிச்சு மீசையத் தடவிக்கிட்டே, "எனக்கு வெச்ச ஒப்பாரி பாதியில நிக்கிறத நான் எப்படி மாஸ்டர் பாத்துக்கிட்டுக் கெடக்குறது, எனக்கு ஒரு மரியாத இல்லையா"ன்னான். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துருச்சு போல, மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. தோஷத்துக்கு ரெண்டு பேரும் தேங்கா ஒடைக்கணும், அழுக முடிஞ்சதா எடுத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்தத் தம்பி வந்து என் தலையில ஒட்டியிருந்த மண்ணத் தட்டி விட்டான்.

காலைக் கொழுந்துக்கு நேரமாச்சுன்னு அந்த வேஷத்தோடயே லொறிய எடுத்தான். நான் பக்கத்துல, சாரியச் சுருட்டிக்கிட்டு. மலை மேல வெயில் ஏறிருச்சு. அவன் கண்ணாடிய இன்னும் கொஞ்சம் தன் பக்கமாத் திருப்பி வெச்சுக்கிட்டு, ஒரு கையால பவுடரத் தொடச்சான். "நான் எப்படி எரிஞ்சேன்?"ன்னான்.

மிச்சமிருந்த குரல்ல, "அந்த எடத்துல ஏன்டா மொனகுன?"ன்னு கேட்டேன்.

அவன் கண்ணாடிய விட்டுக் கண்ண எடுக்கல. "நீ அப்படித்தானே பாடுவ. அம்மா போனதுல இருந்து ஒனக்கு அந்த எடத்துல வாய் வராது." சீப்ப எடுத்து முடிய ஒரு இழுப்பு இழுத்தான். "சரி, அத விடு. நான் எப்படி எரிஞ்சேன்னு சொல்லு."

சொன்னேன். ஃபெக்டரி வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே போனேன்.